‘புல்’ என்று நான் சொன்ன அன்று

நாலு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கடைத்தெருவில் கன்னடம், ஆட்டோக்காரர்களிடம் சண்டை போட தக்னி உருது. பெங்களூரு விவேக் நகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் அதையே தொழிலாக்கி, ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்ட பிறகு எனக்குத் தலைக்கு மேல் இன்னொரு தலை முளைத்துவிட்டது. (கார்டில் ‘மொழி வல்லுநர்’ என்றும் சேர்த்துப் போடத்தான் ஆசைப்பட்டேன். இடம் பத்தாது என்று அச்சகத்துக்காரர் என்னைக் காப்பாற்றிவிட்டார்.)

அந்த இரண்டாவது தலை உருண்டு விழுந்த இடம் ஒரு குதிரைப் பந்தய மைதானம்.

அப்போது நான் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். முதலாளி பிரகாஷ் சார், மைசூர்க்காரர், சாந்தமான மனிதர். ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தார். பந்தய மைதானத்தில் வழக்கமாகத் தமிழுக்குப் போகிறவருக்குக் காய்ச்சலாம். பந்தயத்தில் ஏதாவது தகராறு என்றால் நடுவர்கள் ஜாக்கிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஜாக்கி வந்தால் நான் உதவ வேண்டும். எனக்குக் குதிரை என்றால் கல்யாண ஊர்வலத்தில் வருவது மட்டும்தான் தெரியும் என்றேன். “அவரு ஹேளித்தன்ன ஹேளி, அஷ்டே” என்றார். அவர்கள் சொல்வதைச் சொன்னால் போதுமாம்.

அம்மாவிடம் ஏதோ விளையாட்டு ஆபீஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரேஸ் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். என் தாய்மாமா அந்த மைதானத்தில் விட்டதையெல்லாம் சேர்த்திருந்தால் அதன் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவின் கணக்கு.

பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் பந்தயச் சொற்களைப் படித்துக்கொண்டே போனேன். மெய்டன் என்றால் கன்னி இல்லை. இதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரை, அது ஆணாக இருந்தாலும் மெய்டன்தான். ஹேண்டிகேப் என்றால் ஊனம் இல்லை. நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி எல்லாக் குதிரைகளையும் சமமாக்குவது. டெட் ஹீட் என்றால் குதிரை வெயிலில் சுருண்டு செத்தது என்று நினைத்துப் பதறினேன்; இரண்டு குதிரைகள் ஒன்றாக முடிப்பதாம். மைதானத்தின் வாசலில் இறங்கும்போது எனக்குத் தெரியாத பந்தயச் சொல்லே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். புல் என்ற சொல்லை மட்டும் தேடவில்லை. அது பேங்க் கதவில் ‘இழு’ என்பதற்கு எழுதியிருக்கும் இங்கிலீஷ் சொல். அதற்குப் போய் யாராவது அகராதியைப் பார்ப்பார்களா?

மத்தியானம்வரை எனக்கு வேலை வரவில்லை. கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, கார்டு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது பந்தயம் முடிந்ததும் வெளியே கூட்டம் கத்த ஆரம்பித்தது. எல்லோரும் பணம் கட்டியிருந்த பெப்பர் ராணி என்ற குதிரை பின்தங்கி வந்துவிட்டதாம். விசாரணை நடக்கிறது, யாரும் டிக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

அறைக்கு வெளியே பெப்பர் ராணியின் ஜாக்கி நின்றிருந்தார். பெயர் குமரேசன், குடியாத்தம் பக்கம். மஞ்சளும் பச்சையுமாகப் பட்டுச் சட்டை, முகமெல்லாம் மண். என் தோள் உயரம்தான் இருப்பார். எனக்கு அண்ணன் வயது. தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் முகம் தெளிந்தது.

“நான் சொல்றத அப்படியே சொல்லிருங்க மேடம். அது போதும்.”

“கவலையே படாதீங்கண்ணா” என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓங்கி ஒரு அறை விடத் தோன்றும்.

உள்ளே மூன்று நடுவர்கள். தலைவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மீசையைப் பார்த்தாலே நிமிர்ந்து நிற்கத் தோன்றும். அவருக்கு வலப்பக்கம் மெலிந்த பெரியவர் ஒருவர், காது மந்தம். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். பக்கவாட்டில் இருந்து எடுத்த படத்தைத் திரையில் ஓட்டினார்கள். வளைவில் பெப்பர் ராணி தலையை மேலே தூக்குவதும், குமரேசன் பின்னால் சாய்வதும் தெரிந்தது. வளைவில் என்ன செய்தாய் என்று தலைவர் இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“வளைவுல குதிரைய இழுத்துப் புடிச்சேன் சார்...”

அவர் இன்னும் முடிக்கவில்லை. மேலே சொல்ல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு வேகத்தைக் காட்ட வேண்டுமே. அவரைக் கையமர்த்திவிட்டு, வளைவில் இவர் குதிரையை ‘புல்’ பண்ணினாராம் என்று சட்டென்று இங்கிலீஷில் எடுத்து வைத்தேன்.

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். காது மந்தமான பெரியவருக்குக்கூட அந்த ஒரு சொல் கேட்டுவிட்டது. நான் அதை என் உச்சரிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

“அந்தச் சொல்தானா? உறுதியாகத் தெரியுமா?” என்றார் தலைவர்.

“ஹண்ட்ரட் பர்சென்ட், சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். ஒப்புக்கொண்ட பிறகு மேலே பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லி, மூன்றாமவரை எழுதச் சொன்னார். எழுதிய காகிதத்தைத் தமிழில் ஜாக்கிக்குப் படித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார். நான் கம்பீரமாக ஆரம்பித்தேன். “குமரேசன் அண்ணா, அவங்க என்ன சொல்றாங்கன்னா, குதிர ஜெயிக்கக் கூடாதுன்னு நீங்க வேணும்னே...”

அங்கே நிறுத்தி, மீதியை ஒருமுறை மனசுக்குள் படித்தேன். அந்தக் காகிதத்தில் இருந்தது நான் அதுவரை மொழிபெயர்த்த எதைப் போலவும் இல்லை. பணம் கட்டிய ஜனங்களை ஏமாற்ற, ஜெயிக்கக்கூடிய குதிரையை வேண்டுமென்றே ஓடவிடாமல் தடுத்தார், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், லைசென்ஸ் பறிக்கப்படும். என் பேங்க் கதவுச் சொல்லுக்குப் பந்தயச் சட்டத்தில் இதுதான் பொருள். படித்து முடிக்காமல் விட முடியாது என்பதால் மெல்லிய குரலில் மீதியையும் சொன்னேன்.

குமரேசன் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தார். “நான் எப்ப மேடம் அப்படிச் சொன்னேன்? பக்கத்துல வந்த கோல்டன் வேவ் குறுக்கால பாஞ்சிடுச்சு. இழுத்துப் புடிக்கலன்னா அதோட கால்ல இடிச்சு ரெண்டு குதிரயும் ரெண்டு பேரும் விழுந்திருப்போம். அதத்தான் சொல்ல வந்தேன்.”

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. என்ன நேர்ந்தது என்பதில் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாததுதான் கஷ்டம்.

“சார், தப்பு என்னுடையது. அந்தச் சொல் அவருடையது இல்லை, என்னுடையது” என்றேன். நூறு சதவீதம் என்றீர்களே என்றார் தலைவர். அந்த நூறும் தப்பு சார் என்றேன். விசாரணை முடிந்துவிட்டது, முறையிட வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது, நீங்கள் போகலாம் என்றார். போகச் சொன்னால் போகிற பிள்ளை நான். பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்கச் சொன்னால் மணி அடித்த பிறகும் நிற்பேன். ஆனால் அன்றைக்கு என் கால் நகரவில்லை. மண் அப்பிய முகத்தோடு ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். என் வாய் பேசியதற்கு அவர் சோறு போகப்போகிறது.

விளக்க முயன்றேன். இழுப்பது வேறு, இழுத்துப் பிடிப்பது வேறு சார், தமிழில் ‘பிடி’ என்று சேர்ந்தால் பொருளே மாறிவிடும் சார் என்று இங்கிலீஷில் இலக்கண வகுப்பே நடத்தினேன். நாலு மொழி தெரிந்தும் ஒரு மொழியும் கைகொடுக்கவில்லை. காது மந்தமான பெரியவர், இந்தப் பெண் எதைப் பிடிக்கச் சொல்கிறாள் என்று பக்கத்தில் கேட்டார்.

அப்போதுதான் நடித்துக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அங்கே கைப்பிடி இல்லாத பழைய தேக்கு நாற்காலி ஒன்று இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தைக் குதிரையின் கழுத்தாக வைத்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். (சுடிதார்தான். சேலை கட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.) துப்பட்டாவைச் சாய்மானத்தில் சுற்றிக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டேன். “சார், நீங்கள் கொஞ்சம் கோல்டன் வேவாக இருங்கள்” என்று காது மந்தமான பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. தலைவர் தடுப்பதற்குள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். பல வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து சலித்திருப்பார் போல.

“இவர் இப்படி வந்தார். குமரேசன் அண்ணா இப்படிப் பிடித்தார்” என்று சொல்லி நான் துப்பட்டாவைப் பிடித்தேன். ஆவேசத்தில் இழுத்தே விட்டேன். நாற்காலி இரண்டு காலில் நின்றது. ஒரு கணம் உலகம் அழகாக இருந்தது. பிறகு நான் மல்லாக்க, நாற்காலி என் மேல், நாங்கள் இருவரும் பின்னாலிருந்த டீ ட்ரேயின் மேல்.

முதலில் ஓடி வந்தவர் குமரேசன். நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டு, ரொம்ப அக்கறையாக, “மேடம், விழும்போது கடிவாளத்த விட்றணும்” என்றார். துப்பட்டா இன்னும் என் கையில் இறுகியிருந்தது. முதுகெல்லாம் டீ. ஒரு பிஸ்கட் என் தலைமுடியில் இருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

தலைவர் எழுந்து நின்று மேஜைக்கு மேலாகக் குனிந்து என்னைப் பார்த்தார். “இப்போது நீங்கள் செய்தீர்களே, அதற்குப் பெயர் புல். முன்னால் ஆபத்து வந்ததால் குதிரையை அடக்கினார் என்றால் அதற்கு செக் என்று பெயர். இவர் சொன்னது எது?”

“செக், சார்” என்றேன் தரையில் இருந்தபடியே.

“எத்தனை சதவீதம்?”

“சதவீதம் வேண்டாம் சார். முன்பக்கத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் அதைப் பார்த்துவிடுங்கள்.”

மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. படத்தைப் போடச் சொன்னார். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. குதிரைகள் நேராக நம்மை நோக்கி வருகின்றன; கோல்டன் வேவ் உள்பக்கமாகப் பாய்கிறது; பெப்பர் ராணிக்கு ஓட வழியே இல்லை. குமரேசன் பிடித்த பிடியில் ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கே புரிந்தது. மூன்றாமவர் எழுதியதை அடித்தார். குமரேசன் மேல் தப்பில்லை என்று முடிவானது. கோல்டன் வேவின் ஜாக்கிதான் கவனக்குறைவாக ஓட்டியதற்காகச் சில வாரம் குதிரை ஏறாமல் உட்கார வேண்டியதாயிற்று. சொல் மாறியது மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று பதிவில் எழுதும்படி நானே கேட்டேன். எழுதினார்கள். என் விசிட்டிங் கார்டை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். குமரேசன் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். “நான் எத்தனையோ தடவ குதிரையிலேர்ந்து விழுந்திருக்கேன் மேடம். எனக்காக ஒருத்தர் விழுந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார். நான் அழுதுவிட்டேன். இடுப்பு வலியும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை பிரகாஷ் சார் வேலையை விட்டு நிறுத்துவார் என்று தயாராகப் போனேன். பந்தய மைதானத்து நடுவர் தலைவர் போன் செய்திருந்தாராம். அடுத்த முறையும் அந்தப் பெண்ணையே அனுப்புங்கள், நாற்காலியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். அதன் பிறகு பல வருஷம் அங்கே போனேன். இன்றைக்குக் கோர்ட்டுகளில் மொழிபெயர்க்கிறேன். யாராக இருந்தாலும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. அப்புறம் நான் சொல்லும்போது யாரும் என்னை இரண்டாம் முறை கேட்பதில்லை.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. குனிய முடியாமல் நடப்பவள் எவ்வளவு நேரம் விளையாட்டு ஆபீஸ் கதை சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன். ரேஸ் மைதானத்துக்குப் போனதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா தைலத்தை எடுத்துத் தேய்த்தபடியே, “அந்தப் புள்ளைக்கு வேலை போகலல்ல?” என்று மட்டும் கேட்டார். போகலம்மா என்றேன். “அப்ப சரி” என்றார். கை கொஞ்சம் அழுத்தித் தேய்த்தது.

ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதே அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரேஸ் என்ற சொல்லே ஆகாத அம்மா, கோயில் வாசலில் நின்றுகொண்டு செக்குக்கும் புல்லுக்கும் வித்தியாசம் விளக்கினார். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. மூன்று நடுவர்கள் ஏழானார்கள். தலைவர் ஜெனரல் ஆனார். டீ ட்ரே கண்ணாடி அலமாரி ஆனது. எப்போது என்று தெரியவில்லை, நாற்காலியே கதையில் இருந்து மறைந்துவிட்டது.

போன மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பு. பட்டுச் சேலையில் இருந்த ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு ஜாக்கியைக் காப்பாத்தறதுக்காக ரேஸ் குதிர மேல ஏறி விழுந்த பொண்ணு நீதானே?” என்று கேட்டார்.

ஒருவர் சொன்னதை மாற்றாமல் சொல்வது என் தொழில். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் அம்மா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் பேச்சு காதில் விழாததுபோல் சபையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஆமா ஆன்ட்டி” என்றேன். “கொஞ்சம் மொரட்டுக் குதிர.”