மலைக்குப் பிடிக்காத கோட்டு

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் கணக்குப்புலி.

"கேளேன்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"இங்க வேணாம். மலைமேல போய்க் கேக்கறேன்."

"இங்க என்ன குறைச்சல்?"

"இருமல் மருந்து வாசனை அடிக்குது."

இது நடந்தது இரண்டு மாதத்துக்கு முன், அவள் கடையில். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நண்பர்கள் வைத்த பெயர் கணக்குப்புலி. என்ன கேட்கப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அண்ணனுக்கும் தெரியும். புலிக்குத்தான் வாய் வரவில்லை. ஆகவே மூவரும் முதுகில் மூட்டையோடு, நான்கு நாட்களாக மலைக் கிராமம் கிராமமாக நடந்தார்கள். கல்யாணம் கேட்க இத்தனை உயரம் தேவைப்பட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

கணவாய்க்கு முந்தின கடைசி ஊரில் மலையேற வந்தவர்களின் வரிசை ஒன்று நின்றது. முன்னால் பெரியவர் ஒருவர், கையில் தடி. அவருக்குப் பெயர் 'மலைவாய்'. மலைக்கு வாய் இல்லாத குறையை அவர் தீர்த்துவந்தார்.

முறை எளிது. வலது கையை நீட்ட வேண்டும். மூட்டையிலிருந்து ஒவ்வொரு பொருளாக இடது கையில் பிடிக்க வேண்டும். பெரியவர் தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டு, நீட்டிய கையை இரண்டு விரலால் அழுத்துவார். கை நின்றால் மலைக்குச் சம்மதம். விழுந்தால், பொருளை அங்கேயே விட்டுவிட வேண்டும். மீறினால் கணவாயில் கால் வழுக்கும்.

பழைய சாக்ஸ் எதையும் மலை வெறுத்ததாகத் தகவல் இல்லை. புதுக் கோட்டு, நல்ல டார்ச், கிழியாத தூங்கும் பை, இவைதான் அதற்கு ஆகவே ஆகாது. பெரியவரின் மனைவி பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்தார். அங்கே கோட்டு, டார்ச், தூங்கும் பை கிடைக்கும்.

புலியின் புதுக் கோட்டுக்குக் கை விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவன் மருந்துக்கடைக்காரியின் விரலைப் பிடித்துக்கொண்டு, "இதையும் பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றான்.

பெரியவர் அழுத்தினார். கை தொப்பென்று விழுந்தது.

"ஒத்து வராது. தோஷம் கழியணும்னா ரெண்டு பேரோட தூங்கும் பையையும் வெச்சிட்டுப் போங்க."

புலி அவள் விரலை விட்டான். "மச்சான், நாம கீழ இறங்கிடலாமா?" என்றான் அண்ணனிடம். இதுவரை நண்பன் என்ற முறையில்தான் மச்சான். இனியும் அப்படியே போகும்போலிருந்தது.

மருந்துக்கடைக்காரி தோளில் கிடந்த துண்டை எடுத்தாள்.

"ஐயா, கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்களேன்."

"எதுக்கும்மா?"

"சொல்றது மலைதானே? உங்க கண்ணு எதுக்கு?"

வரிசை சிரித்தது. சிரித்த பிறகு மறுக்க முடியாது. துண்டைக் கட்டினாள். அண்ணனை நிறுத்தி, எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பெரியவரின் விரலை அவளே அண்ணனின் வலது கையில் வைத்தாள். இடது கையில் புலியின் கோட்டு.

கை நின்றது. "சம்மதம்" என்றார் பெரியவர்.

அடுத்த பொருள். கை விழுந்தது.

"மலைக்கு இது கொஞ்சமும் பிடிக்கல. தீட்டு. உடனே விடணும்."

அவள் துண்டை அவிழ்த்தாள். அண்ணன் கையில் இருந்தது பெரியவரின் தடி. மலையே தன் கையால் கொடுத்ததாக அவர் காலையிலிருந்து சொல்லிவந்த அதே தடி.

"நெம்புகோல்தான்" என்றான் அண்ணன், கையை உதறிக்கொண்டு. "முழங்கை பக்கம் அழுத்தினா நிக்குது, மணிக்கட்டுல அழுத்தினா விழுது. நான் தினம் பாக்கற வேலை."

வரிசை கலைந்து சந்துக்கு ஓடியது. அவரவர் விட்ட கோட்டு விலைச்சீட்டோடு அங்கே மடித்து இருந்தது. ஒருவர் மட்டும் நகரவில்லை. கண்ணைக் கட்டியதால் மலைக்குக் கோபம் என்பது அவர் கருத்து. அவர் டார்ச்சையும் கொடுத்துவிட்டார்.

ஊர்க் குழாயடியில் புலி காலணியைக் கழற்றி உட்கார்ந்தான்.

"சரி, உச்சியில கேக்கறேன்" என்றான் தரையைப் பார்த்து.

"உச்சிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நடுவுல இன்னொரு வாய் வந்தா?"

அவன் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தான்.

"ரெண்டும் ரெண்டும் நாலுன்னு பசங்களுக்குச் சொல்றியே, எந்த மலையைக் கேட்டுச் சொன்ன? உன் தலை தொப்பி மாட்டறதுக்கு மட்டும்தானா?"

அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி, குழாயை விட்டு எதிர்ப்பக்கம் நடந்தான்.

ஈரச் சாக்ஸ் நாற்றம் இருமல் மருந்தைவிட மோசம். புலி நிமிர்ந்தான்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"