நாலாவதாக நின்றவர்

மச்சினனின் பிரிட்ஜைத் தூக்குவதில்லை என்று ஸ்டோர்கீப்பர் அன்று காலை பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். எரிமலை வெடித்தாலும் சரி, பெண்டாட்டி வெடித்தாலும் சரி. மச்சினன் வீடு மாற்றுகிறான். புது வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பிரிட்ஜோ குட்டி யானை. வாரம் முழுக்க கம்பெனி ஸ்டோரில் பம்ப்செட்டுகளோடு மாரடிக்கிற மனிதனைச் சனிக்கிழமையும் சுமை தூக்கச் சொன்னால் எந்தத் தெய்வம் பொறுக்கும்?

"இன்னிக்கும் ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க" என்றார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"இன்னிக்குமா? மாசக்கணக்கா ஒரு சனிக்கிழமை விடாமக் கூப்பிடறாங்களே. நீங்க இல்லைன்னா கம்பெனியையே இழுத்து மூடிடுவாங்க போல."

"என்ன பண்றது? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே."

"தம்பி உங்களைத்தான் மலை போல நம்பியிருக்கான்."

"அவன்கிட்ட சொல்லு, என் மனசு பூரா அங்கதான் இருக்கும்னு."

"மனசு வந்து பிரிட்ஜைத் தூக்குமா?"

சமையலறைக்குள் போனவள் அங்கிருந்தபடியே போலீஸ், கைப்பை, மருந்துக்கடை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே "ம்" போட்டார். கல்யாணமான புதிதில் அவள் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர்தான். நாளாக ஆக அந்த "ம்" மட்டும் மிஞ்சியது.

ஆபீஸ் என்பது தெருக்கோடி சலூன். அதன் பின்னறையில் ஒரு கேரம் போர்டு. சலூன்காரர், தையல்காரர், போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு, இவர் என்று நாலு பேர் கூடுவார்கள். தலையில் மருந்துக்குக்கூட முடியில்லாத ஒரு மனிதர் வாரம் தவறாமல் சலூனுக்குப் போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அன்று ஏட்டு யூனிபார்மோடு வந்தார். ஆட வரவில்லை.

"வழுக்கைத் தலை, பெரிய மீசை, கொஞ்சம் தொந்தி. இப்படி ஒரு ஆள் அவசரமா வேணும்."

"வழுக்கையைத் தேடி யாராவது சலூனுக்கு வருவாங்களா?" என்றார் சலூன்காரர். "ஆளைப் பிடிச்சுக் குடுங்க, இப்பவே வழிச்சுத் தரேன்."

ஏட்டு ஸ்டோர்கீப்பரையே பார்த்தார்.

விஷயம் இதுதான். மருந்துக்கடை வாசலில் ஒரு அம்மாவின் கைப்பையை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடும்போது ஹெல்மெட் கழன்று விழுந்தது, வழுக்கை வெளியே வந்தது. ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்த சாட்சி வந்து அடையாளம் காட்ட வேண்டும்.

"அவனை மட்டும் தனியா நிறுத்தினா யார் வந்தாலும் அவனைத்தானே காட்டுவாங்க? அது நியாயமில்ல. அதே ஜாடையில நாலஞ்சு பேரைச் சேத்து நிறுத்தணும். ஒரு ஆள் குறையுது. உங்களை மாதிரி பொருத்தமான ஆள் இந்த வட்டாரத்துலயே கிடையாது."

பொருத்தமான ஆள் என்று ஸ்டோர்கீப்பரைப் பார்த்து யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அவனை அடி பின்னிட்டீங்களா?" என்று வழியில் ஆசையாகக் கேட்டார்.

"அடியா! அவன் சந்தேகத்துல வந்தவன்தான். குத்தம் செஞ்சவன்னு இன்னும் ஆகலையே. மேல கை வைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. வேளைக்குச் சோறு போடணும். வக்கீல் வெச்சுக்கலாம். இஷ்டமில்லைன்னா பதிலே சொல்லாம வாயை மூடிட்டு இருக்கலாம்."

ஸ்டோர்கீப்பர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "பதில் சொல்லாம இருக்கலாமா? எங்க வீட்டுல அப்படி ஒரு சட்டமே இல்லையே!"

"சட்டம் அப்படி."

"அப்புறம் உண்மை எப்படித்தான் வெளிய வரும்?"

"வேணும்னே ஒரு விஷயத்தைத் தப்பாச் சொல்லுவோம். உண்மை தெரிஞ்சவனுக்குப் பொறுக்காது. அவனே திருத்திடுவான்."

"அதுல எந்த முட்டாள் மாட்டுவான்?" என்று ஸ்டோர்கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஸ்டேஷனில் ஆறு வழுக்கைகள் வரிசையாக நின்றன. எங்கே நிற்பது என்பதைப் பிடிபட்டவன் இஷ்டத்துக்கே விட்டார்கள். அவன் மூன்றாவது இடத்தை எடுத்துக்கொண்டான். அடுத்து ஸ்டோர்கீப்பர். வந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று அவர் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சார், சாதாரணமா இருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பிடிபட்டவரே இப்படி முறைக்கல."

கதவு திறந்தது. முதலில் ஒரு பச்சைக் குடை வந்தது. அந்தக் குடையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பதற்குள், அதைப் பிடித்திருந்த அவர் மனைவியும் வந்துவிட்டாள்.

ஸ்டோர்கீப்பர் தொந்தியை உள்ளே இழுத்தார். மீசையை மடித்து உதட்டுக்குள் தள்ளப் பார்த்தார். வழுக்கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அவள் அவசரமே இல்லாமல், காய்கறி பொறுக்குகிறவள் போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாமவன் முன்னால் கொஞ்சம் நின்றாள். அடுத்து இவரைப் பார்த்தாள். கண்கூட இமைக்கவில்லை. அப்படியே கடந்துபோய்விட்டாள். கடைசி ஆள்வரை போய்விட்டு, இன்ஸ்பெக்டரம்மாவின் காதில் என்னவோ சொன்னாள்.

இன்ஸ்பெக்டரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். "நாலாவதா நிக்கிறவர் மட்டும் போகலாம். மத்தவங்க இருங்க."

தெருவுக்கு வந்ததும் அவருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. தப்பித்தாயிற்று! தெருமுனை திரும்பியதும் வேறொன்று உறைத்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குக் கட்டின புருஷன் முகம் அடையாளம் தெரியவில்லையே. உண்மையிலேயே மனசு வலித்தது.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிற நடையில் வீட்டுக்கு வந்தார். அவள் கேட்காமலே காபி கொண்டுவந்தாள்.

"ரொம்ப வேலையா?"

"இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"எனக்கும் ஸ்டேஷன்ல அலைச்சல். மாடியில துணி காயப்போடறப்ப பையைப் பிடுங்கினவனைப் பாத்தேன்ல, அதுக்குச் சாட்சி. காலையிலகூடச் சொன்னேனே."

"ம்."

"ஆளைக் காட்டிட்டேன். மூணாவதா நின்னவன். அது கிடக்கட்டும், எனக்கு மனசே ஆறல. நாலாவதா ஒரு பெரியவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. பாவம், நிக்கவே முடியல."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பெரியவரா?"

"தாத்தாங்க. பேரன் பேத்தியெல்லாம் எடுத்திருப்பார்."

"நல்லாப் பாத்தியா?"

"பக்கத்துல நின்னு பாத்தேனே. தோலெல்லாம் சுருங்கி... ஒரு எழுபது இருக்குமா?"

"எழுபதா! எனக்கு இன்னும் அம்பதே முடியலடி!"

சொன்ன பிறகுதான் ஏட்டு சொன்னது ஞாபகம் வந்தது.

"இந்த வித்தையை உனக்கும் ஏட்டு சொல்லிக் குடுத்துட்டாரா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"ஏட்டு எதுக்கு? கல்யாணமான நாள்லேருந்து உங்ககிட்ட உண்மையை இப்படித்தானே வாங்கறேன்."

"அப்ப... அங்கேயே என்னை அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரியாம? அதைத்தான் இன்ஸ்பெக்டரம்மாகிட்ட சொன்னேன். சாட்சிக்குத் தெரிஞ்சவர் வரிசையில நிக்கக் கூடாதாம். உங்களை அனுப்பிட்டு, வேற ஆளை வெச்சு முதல்லேருந்து நடத்தினாங்க."

தெரிந்திருக்கிறது! மாட்டிக்கொண்ட அந்த நேரத்திலும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. சனிக்கிழமை ஆனா சட்டைக் கை பூரா கேரம் பவுடர். அதைத் துவைக்கறது யாரு, உங்க மேனேஜரா?"

கீழே ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"தம்பிதான். காலையிலேயே எல்லாச் சாமானையும் கொண்டுபோயிட்டான். பிரிட்ஜை மட்டும் நீங்க வந்தாத்தான் எடுப்பேன்னு வெச்சிருக்கான்."

ஸ்டோர்கீப்பருக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இனிமே நான் எதுக்கும் பதில் சொல்லப் போறதில்ல. பிடிபட்டவனுக்கு வாயை மூடிட்டு இருக்க உரிமை உண்டு. சட்டமே இருக்கு."

"தாராளமா மூடிட்டு இருங்க" என்று அவள் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். "பிரிட்ஜைத் தூக்க வாய் எதுக்கு?"