பூமி பூஜைக் குழியும் என் கல்யாணமும்

ஜானவாசத்துக்கு, அதாவது மாப்பிள்ளை அழைப்புக்கு, காரில் வந்த மாப்பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாரட்டில் வந்தவர்களும் உண்டு. இடுப்பு வரை சேற்றில் நின்றபடி மாமனாருக்கு நமஸ்காரம் சொன்ன மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, மெட்ராஸிலேயே நான் ஒருவன்தான். அந்தச் சேறு அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காகத்தான் எனக்கு மாதச் சம்பளமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது இதில் கூடுதல் விசேஷம்.

மாம்பலத்தில் ஏரியை வடித்து, மனை பிரித்து, தியாகராய நகர் என்று வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓவர்சியர். தலையில் தொப்பி, கையில் அளவு நாடா, எல்லாம் தெரியும் என்கிற முகம். (முகம் மட்டும் இன்னும் மாறவில்லை என்கிறாள் என் மனைவி.) பழைய ஏரிக்குள் ஓடிய கால்வாயின் மேல் ஒரு சின்னப் பாலம் கட்டும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

கால்வாயின் மேற்குக் கரையில் ஒரு ஹைகோர்ட் வக்கீல் புது வீடு கட்டிக் குடிவந்திருந்தார். பி.ஏ. வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர் பெண் ராஜத்தை எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை. ஆனால் கட்டிக்கொண்டால் இவளைத்தான் என்று அந்தக் காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

வக்கீலுக்கும் என்னைப் பிடித்துப்போயிற்று. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே பேர் வாங்கியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் என்னைப் பற்றி விசாரித்தது ஒரே ஒருவரிடம், அதுவும் என் சொந்த மாமாவிடம். மாமா வேறென்ன சொல்வார்? "பையன் தங்கம்" என்றார். வக்கீல் அத்தோடு விசாரணையை முடித்துக்கொண்டார்.

சந்தோஷத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்காத்துக்கு ஜானவாசக் கார் நான் கட்டற பாலத்து மேலதான் வரும்" என்று சொல்லிவைத்தேன். வக்கீல் அதைப் பாதிக் கோர்ட்டுக்கும் சொல்லிவிட்டார்.

பாலம் கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும். இந்தக் கரையில் ஒன்று, நடுவில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று என்று மூன்று குழிகள் தோண்டி, அடியில் என்ன மண் என்று எழுதிக்கொடு என்பது துரையின் உத்தரவு. (துரை என்றால் எங்கள் வெள்ளைக்கார இஞ்சினீயர்.) அதே வாரத்தில் பூமி பூஜையும் வந்தது. சாஸ்திரிகள் வந்து, கிழக்குக் கரையில் ஈசானிய மூலையைக் காட்டி, நல்ல நேரம் பார்த்து, குழி வெட்டச் சொன்னார். பூஜைக்கு முழங்கால் ஆழம் போதும். அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"முனுசாமி, இதையே இன்னும் ஆழமா வெட்டச் சொல்லுங்கோ. சாமி குழியும் ஆச்சு, சர்க்கார் குழியும் ஆச்சு" என்றேன் மேஸ்திரியிடம்.

சித்திரை வெயிலில் முனுசாமிக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. "ஐயரு காட்ன எடம் சார், சோக்காத்தான் கீது" என்றார்.

கடப்பாரை சரளையில் பட்டு டங் டங் என்றது. என் காதில் அது கெட்டிமேளமாகவே விழுந்தது. மற்ற இரண்டு குழிகளையும் மனசுக்குள்ளேயே தோண்டிக்கொண்டேன். 'எங்கும் கெட்டிச் சரளை' என்று எழுதிக்கொடுத்தேன். சாஸ்திரிகள் காட்டிய மூலை பழைய ஏரிக்கரை. ஆளும் மாடும் காலம் காலமாக மிதித்து இறுகிப்போன மண். மற்றதெல்லாம் ஏரியின் வயிறு. ஏரியை வடித்தது எனக்குத் தெரியும். ஏரிக்கு அடியில் சேறு இருக்கும் என்பதுதான் படித்த மூளைக்கு எட்டவில்லை.

சரளை என்றதும் அஸ்திவாரத்தின் ஆழம் குறைந்தது, செலவும் குறைந்தது. இவ்வளவு மலிவாக ஒரு பாலமா என்று துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாலத்தைத் தாங்கும் கிழக்குச் சுவர் ஜம்மென்று நின்றது. மேற்குச் சுவர் ஆடி மாதத்து முதல் மழைக்கு, பந்தியில் உட்காருகிற மாதிரி சாவகாசமாக உட்கார்ந்துவிட்டது. பிரித்துத் தோண்டினோம். கறுப்புச் சேறு. இன்னும் தோண்டினோம். இன்னும் கறுப்பாக இருந்தது.

"இன்னா சார் இது, தோண்டிக்கினே போறோம், கெட்டி மண்ணையே காணோம்" என்றார் முனுசாமி.

செங்கல்லால் கிணறு கட்டி, அதைச் சேற்றுக்குள் இறக்கி, அதன் மேல் சுவர் எழுப்ப வேண்டும் என்றாயிற்று. பாலத்தைவிடக் கிணற்றுக்குச் செலவு அதிகம். எஸ்டிமேட்டைத் திருத்தினேன். நடுத்தூணுக்கும் கிணறு வேண்டும் என்று தெரிந்தது, மறுபடி திருத்தினேன். தண்ணீர் இறைக்கிற கூலியை மறந்துவிட்டேன், மறுபடியும் திருத்தினேன். துரை கூப்பிட்டு அனுப்பினார். மூன்று குழியிலுமா சரளை என்று கேட்டார். தோண்டியது ஒன்றுதான் என்றேன். அந்த ஒன்றுக்கு இடம் பார்த்தது யார் என்றார். சாஸ்திரிகள் என்றேன். அப்படியானால் இனிமேல் எஸ்டிமேட்டிலும் அவரையே கையெழுத்துப் போடச் சொல் என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன், அழ முடியாதே.

மேற்குக் கரையில் வக்கீல் தினமும் பல் தேய்த்துக்கொண்டே மொட்டை மாடியிலிருந்து என் சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் இறங்கியே வந்துவிட்டார்.

"ஓய், ஒரு சுவரை நிறுத்தத் தெரியாதவர் என் பொண்ணை வெச்சு எப்படிக் குடித்தனம் பண்ணுவீர்?"

"ஆவணி முகூர்த்தத்துக்குள்ள முடிச்சுடறேன்."

"முடியலேன்னா முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டுடலாம். மாப்பிள்ளையையும் யோசிக்கலாம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாலம் போனால் வேறு பாலம் கட்டலாம். ராஜம் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

பாலம் முடியவில்லை. அழைப்பு முழுக்கக் கொடுத்தாகிவிட்டதால் வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு ஜானவாசத்துக்கு மட்டும் சம்மதித்தார்; முகூர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சுற்று வழி ஒன்று இருந்தது. அது சுடுகாட்டு ஓரமாகப் போகிறது, மாப்பிள்ளை அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். (ஆமாம், அதே சாஸ்திரிகள்தான்.) ஆக, கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாகக் கிழக்குக் கரையில் காரை விட்டு இறங்கினேன். முனுசாமி சாரப் பலகைகளைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார். நாதஸ்வரக்காரர் பலகையைப் பார்த்தார், தன் வாத்தியத்தைப் பார்த்தார், இங்கேயே நின்று வாசிக்கிறேன் என்றார். நான் மட்டும் கம்பீரமாக நடந்தேன். மேற்கு முனையில் பலகை புதைந்துகொண்டிருந்ததை, வழக்கம்போல, சோதித்துப் பார்க்கவில்லை.

பலகை சாய்ந்தது. நான் இடுப்பு வரை உள்ளே போனேன். உதறியதில் இன்னும் கொஞ்சம் போனேன். வக்கீல் காஸ் லைட்டோடு கரைக்கு வந்தார், பின்னாலேயே கோர்ட்டு நண்பர்கள். கையைக் கூப்பி, "நமஸ்காரம்" என்றேன்.

வக்கீல் விளக்கைத் தாழ்த்தி என்னையும் சேற்றையும் பார்த்தார். "இதுதான் நீர் கண்ட சரளையோ?"

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண் பார்த்த அன்று அடக்கிக்கொண்டு போனதையும் சேர்த்துச் சிரித்தாள் ராஜம். சிரித்து முடித்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "அப்பா, முதல்ல அவரை வெளில எடுங்கோ. தள்ளிப்போடறதைப் பத்தி அவர் குளிச்சப்புறம் பேசிக்கலாம். எனக்கு இவர்தான்" என்றாள். வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முனுசாமியும் ஆட்களும் கயிறு போட்டு என்னை இழுத்தார்கள். நான் வந்தேன், ஒரு பூட்ஸ் வரவில்லை. மறுநாள் காலையில் தாலி கட்டினேன்.

பாலம் அடுத்த வருஷம் முடிந்தது. கத்தரிக்காய் வாங்கி வந்தாலும், வீடு வாடகைக்குப் பார்த்து வந்தாலும், எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "எத்தனை குழி தோண்டினேள்?" என்பதுதான்.

எங்கள் பெண்ணுக்கு வரன் வந்தபோது நான் உஷாராக இருந்தேன். பையனின் ஆபீசில் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன், அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரையும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, "மூணு குழியும் தோண்டியாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணுதான் தோண்டினேன். உம்ம மாமாகிட்ட" என்றார்.

"அதனாலதான் நான் இன்னும் எஸ்டிமேட்டைத் திருத்திண்டே இருக்கேன்" என்றாள் ராஜம்.