மாவு டப்பாவில் ஒரு பாலைவனம்

என்னைப் போல ஊர் சுற்றியவன் யாரும் கிடையாது. என்னைப் போல வீட்டை விட்டு நகராதவனும் யாரும் கிடையாது. என்ன உளறுகிறான் என்று பார்க்கிறீர்களா? உளறவில்லை. இரண்டும் நானேதான். சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்கு வேலை பஸ் நிலையத்தில். முன்பதிவு கவுன்ட்டர், மூன்றாம் நம்பர் ஜன்னல். இருபது வருஷமாக மலைக்கு நாலு பேர், கடலுக்கு ரெண்டு பேர், பாலைவனத்துக்கு ஒருத்தர் என்று உலகத்தையே அனுப்பி வைக்கிறேன். ஆனால் டிரைவர் சாவியைத் திருகினாலே எனக்கு வயிறு திருகும். இரண்டாவது நிறுத்தத்தில் காலையில் சாப்பிட்டது ஞாபகத்துக்கு வரும். மூன்றாவது நிறுத்தத்தில் நேரிலேயே வந்துவிடும். அதனால் எங்கே போனாலும் நடைதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் மனைவியை நான் கூட்டிப் போன அதிகபட்ச தூரம் பல் டாக்டர் வீடு. அதுவும் பல்வலி எனக்கு.

ஆசை மட்டும் அடங்கவில்லை. போய்விட்டுத் திரும்புகிறவர்கள் ஜன்னலுக்கு வந்தால் விட மாட்டேன். "மணல் ரொம்ப சுடுமா சார்? பனியில மூச்சு விட்டா புகை வருமா? ஒட்டகம் கடிக்குமா?" என்று வாயைக் கிளறுவேன். பின்னால் வரிசை பல்லைக் கடிக்கும். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். இப்படி அடுத்தவன் கால்வலியில் நான் சேர்த்த அனுபவம் ஏழு நோட்டு. அத்தனையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாபெரும் முடிவு எடுத்தேன். நாடு முழுக்கச் சுற்றி வலைப்பூ எழுதுவது. சுற்றாமலே எழுதுவது. பெயர், ‘சக்கரக்காலன்’.

அனுபவம் தயார். படத்துக்கு எங்கே போவது? சமையலறைக்குப் போனேன். மாவு டப்பாவைத் தட்டில் கவிழ்த்து, ஃபேனை ஒன்றில் வைத்து, மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். அடடா, அலை அலையாக மணல்மேடு! ஃபிரிட்ஜில் பனி உறைந்து கிடந்த மூலைக்குள் போனைச் செருகினேன். மனிதன் கால் படாத பனிக்குகை! மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். அவளுடைய பச்சை வெல்வெட்டைக் கசக்கிப் போட்டால் புல்வெளி. நீலச் சாட்டினை லேசாக உதறினால் கடல். பழைய இரும்பு வாளியைக் கவிழ்த்து அடித் துருவை எடுத்தேன். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த செம்மண் பூமி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஆச்சரியம். பதினெட்டு வருஷம் குடியிருந்த வீட்டில் இத்தனை தேசம் ஒளிந்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் கிட்டே போய்ப் பார்க்கிற வியாதி. சோப்பு நுரை, கதவிடுக்கு, செருப்பின் அடிப்பாகம் எதையும் விடுவதில்லை.

"என்னங்க, செருப்பை மோந்து பாக்கறீங்க?"

"தேஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"நீங்க நடக்கற நடைக்கு அது இன்னும் பத்து வருஷம் வரும். கீழ வைங்க."

இடத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ‘பெயரைச் சொன்னால் கூட்டம் கூடி இயற்கையைக் கெடுத்துவிடும், மன்னிக்கவும்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்கே தனியாகப் பாராட்டு வந்தது. ஆறு மாதத்தில் இரண்டாயிரம் வாசகர்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த இரண்டாயிரத்தில் ஒருவர்தான் சந்தேகப்பிராணி. நான் வைத்த பெயர் இல்லை, அவரே வைத்துக்கொண்டது. மணல்மேட்டுப் படத்தின் கீழே முதல் கேள்வி அவருடையது.

‘அய்யா, வலது ஓரத்தில் ஒட்டகம் நிற்கிறது. சந்தோஷம். அதற்கு ஏன் ஆறு கால்?’

பெரிதாக்கிப் பார்த்தேன். எறும்பு! பாவி, மாவு தின்ன அதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா? சமாளித்தேன். ‘அது ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஒட்டகம்.’

‘அப்படியானால் எட்டுக் கால் வர வேண்டுமே?’

‘பின்னால் இருப்பது முன்னங்காலை மடக்கி ஓய்வெடுக்கிறது. அந்தப் பக்கத்து ஒட்டகங்களின் வழக்கம்.’

‘அறியாத செய்தி. நன்றி அய்யா. போன வாரப் பனிக்குகையில் பச்சைப் பட்டாணி போல உருண்டையாக ஏதோ தெரிந்ததே?’

‘பாசி படிந்த பாறைகள்.’

‘எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவே?’

‘இயற்கையின் விந்தை.’

யார் இந்த ஆள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து ஜன்னல்காரன் மேல்தான் முதலில் சந்தேகம். இரண்டு நாள் கண்காணித்தேன். பஸ்ஸில் எத்தனை தலை என்றே அவனுக்குச் சரியாக எண்ண வராது. அவனா ஒட்டகத்தின் காலை எண்ணப்போகிறான்? விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று, ஒவ்வொரு படத்தையும் போட்டுவிட்டு, சந்தேகப்பிராணி என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். இரண்டாயிரம் பேர் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். உற்றுப் பார்த்தது அவர் ஒருத்தர்தானே!

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையில் போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, பக்கத்து வீட்டு டீச்சர் ஒருத்தரைப் படிக்கச் சொன்னாங்க. சக்கரக்காலனாம்."

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அது மூக்கு வழியாக வந்தது.

"யாரு அவன்?"

"அவன் இவன்னு பேசாதீங்க. என்னமா சுத்தறாரு தெரியுமா, இந்த வயசுலயும்!"

"வயசு எப்படித் தெரியும் உனக்கு?"

"எழுத்துல மூட்டுவலி தெரியுதே."

எனக்குச் சுருக்கென்றது. "சரி, எழுத்து எப்படி?"

"எழுத்து பிரமாதங்க. அவரு பொண்டாட்டி குடுத்து வச்சவ."

"ஏன், நீ குடுத்து வைக்கலியா?"

"உங்களுக்கென்னங்க, தங்கமான மனுஷன். ஆனா தங்கத்தைப் பூட்டித்தானே வச்சிருக்கேன், வெளியில எடுக்க முடியுதா?"

என் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. சக்கரக்காலனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. தள்ளினால் விழப்போவதும் நான்தான்.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். என் மணல்மேடு. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை இந்த மாதிரி மணல்ல வெறுங்காலோட நிக்கணுங்க. நடக்கக்கூட வேணாம். நின்னா போதும்."

அவள் விரல் வைத்த பாலைவனத்தை அவளே பிசைந்து, நான் சாப்பிட்டு, மாதக்கணக்காகிறது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பாக்கலாம்" என்றேன். பதினெட்டு வருஷமாக அவளுக்கு நான் சொல்லி வரும் ஒரே பதில் அது.

அடுத்த வாரமே வந்தது அந்தக் கடிதம். எல்லோரும் பார்க்கிற இடத்தில், படத்துக்குக் கீழே, சந்தேகப்பிராணி எழுதியிருந்தார்.

‘அய்யா, இன்று சந்தேகம் இல்லை, சங்கடம். நான் ஒரு குடும்பத் தலைவி. என் கணவர் நல்லவர். ஆனால் நகராதவர். அவரை விட்டுவிட்டு, துணைக்கு ஒரு தோழியோடு நான் போய் வரலாமா? தாங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி நடப்பேன்.’

அட, பெண்ணா! என்னை ஒட்டகத்தின் கால் கணக்கில் கிழித்தவர், இன்றைக்கு என்னிடமே புத்தி கேட்கிறார். இரண்டாயிரம் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். விடலாமா? தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதினேன்.

‘அம்மணி! பயணத்தின் முதல் விதி, சுமை குறைவாக இருக்க வேண்டும். நகராத கணவரைவிடப் பெரிய சுமை உண்டா? அவரை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பதினைந்து நாளுக்கு முன்னால் திரும்பாதீர்கள். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பதை அந்த மனிதர் அதற்குள் கற்றுக்கொள்வார். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் சார்பில் நானே அனுமதி தருகிறேன். இது சக்கரக்காலன் வாக்கு!’

என் பதில் பாராட்டை அள்ளிக்கொண்டு போனது. பெண்கள் எல்லாம் பூவும் இதயமுமாகக் கொட்டினார்கள். எவனோ ஒரு அப்பாவி வசமாக மாட்டினான் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். அடுப்பு விஷயத்தில் மட்டும் லேசாக உறுத்தியது. எனக்கும் அது எந்தப் பக்கம் என்று தெரியாது.

வியாழக்கிழமை. ஜன்னலில் நல்ல கூட்டம். குனிந்த தலை நிமிராமல் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் அடிச் சந்து வழியாக ஒரு படிவம் வந்தது. பாலைவன வண்டி, இரண்டு பேர், திரும்புவது பதினாறாம் நாள்.

"ஜன்னலோரம் வேணுமா?"

"ஒண்ணு மட்டும் ஜன்னலோரமா குடுங்க."

தினமும் கேட்கிற குரல். நிமிர்ந்தேன். என் மனைவி! பக்கத்தில் புதுக் கேன்வாஸ் ஷூவோடு டீச்சர்.

"நீ எங்கடி இங்க?"

"சீட்டு வாங்க வந்தேங்க."

"யாரைக் கேட்டுக் கிளம்பின?"

அவள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் அச்செடுத்துக் கொடுத்ததாம். கண்ணாடி ஓட்டைக்கு வாயை வைத்துக் கணீரென்று படித்தாள். "பயணத்தின் முதல் விதி, சுமை குறைவாக இருக்க வேண்டும். நகராத கணவரைவிட..."

எனக்கு நாற்காலி சுற்றியது. பஸ் ஏறாமலே வயிறு திருகிய நாள் அது ஒன்றுதான். அப்போ அந்தச் சந்தேகப்பிராணி? என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து துணி தைக்கிற பிராணியா?

வரிசை ஆர்ப்பரித்தது. "சரியாச் சொல்லியிருக்காரு!" "சக்கரக்காலன்தானே? நானும் படிச்சேன்!"

"அவன் யாருடி என் பொண்டாட்டியை ஊருக்கு அனுப்ப?" என்று கத்தினேன். "அவன் ஒரு ஃபிராடு! ஒரு எட்டு எடுத்து வச்சதில்ல!"

"யோவ், பெரிய மனுஷனைப் பத்தி நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசாதே!" என்று பின்னாலிருந்து ஒரு தடியர் முன்னால் வந்தார்.

பதினைந்து நாள்! அவள் இல்லாத வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுப்பு இல்லை, பேச்சு இல்லை, மெஷின் சத்தம் இல்லை. மானமாவது ஒன்றாவது! எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அந்தச் சக்கரக்காலனே நான்தாங்க! நான் எங்கயும் போனதில்ல. மணல் எல்லாம் மாவு. கடல் எல்லாம் துணி. போதுமா?"

அந்தத் தடியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டியை அனுப்ப மனசில்லாம என்ன கதையெல்லாம் விடறாரு பாரு!" வரிசை முழுக்கச் சிரித்தது. ஆறுகால் ஒட்டகத்தை நம்பிய ஜனம், உண்மையை நம்பவில்லை.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஓட்டை வழியாக மெதுவாகச் சொன்னாள். "தெரியுங்க. தினம் பிசையற மாவு எனக்குத் தெரியாதா? நான் வெட்டற சாட்டின் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அவன்கிட்ட போய்க் கேட்ட?"

"பின்ன என்னங்க? புருஷனைக் கேக்காம நான் எங்கயாவது போயிருக்கேனா? நேர்ல கேட்டா ‘பாக்கலாம்’பீங்க. அவருதான் பட்டுனு பதில் சொன்னாரு."

சீட்டுப் போட்டேன். ஜன்னலோரம்தான் கொடுத்தேன்.

போய்விட்டாள். முதல் நாள் அடுப்பை வலது பக்கம் திருகினேன். இரண்டாம் நாள் இடது பக்கம் திருகினேன். மூன்றாம் நாள், முதலில் அமுக்கிவிட்டுத் திருக வேண்டும் என்று கண்டுபிடித்தேன். நாலாம் நாள் காலையில் அவள் அனுப்பிய படம் வந்தது. மணல். நிஜ மணல். நடுவில் இரண்டு வெறுங்கால், விரல்கள் பாதி புதைந்து. பழக்கதோஷம், கிட்டே வைத்துப் பார்த்தேன். கால் சுண்டுவிரலில் எப்போதோ தையல் ஊசி விழுந்து குத்திய பழைய தழும்பு வரைக்கும் தெரிந்தது. நிற்கிறாள், கேட்டபடியே நிற்கிறாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சக்கரக்காலன் வாழ்க்கையில் முதல் உண்மைப் படம்! பெருமையோடு வலைப்பூவில் ஏற்றினேன். இரண்டே நிமிஷத்தில் கீழே முதல் ஆளாக வந்து நின்றார் சந்தேகப்பிராணி.

‘அய்யா, இந்தத் தடவை மாவை இன்னும் கொஞ்சம் சலித்திருக்கலாமே?’