ஒன்பதாவது மாடி அம்மா

லிப்ட் மறுபடியும் காலியாக ஒன்பதாவது மாடிக்குப் போனது. அங்கே கதவைத் திறந்து, யாரோ ஏறுவதற்கு மரியாதையாக வழிவிட்டு நின்றது. பிறகு காலியாகவே கீழே போனது. மூன்றாவது மாடியில் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் சிவந்துபோன மேனேஜரம்மா, நேராக விளக்கக்காரரின் மேஜைக்கு வந்தார்.

"ஒன்பதுல யாருங்க இருக்கா?"

"யாரும் இல்லீங்க மேடம். பூட்டிக் கிடக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு."

"அப்ப உங்க ஏஜென்ட் யாருக்கு ஊழியம் பண்ணுது?"

விளக்கக்காரர் என்பது ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர். அந்தக் கட்டடத்தின் லிப்ட், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் பார்த்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் இயக்க அதனிடம் ஒரு கருவி. எந்தக் கருவியை எதற்கு எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று தெளிவாக விளக்கம் எழுதிக் கொடுப்பது இவர் வேலை. மாமனாருக்கு எழுதும் கடிதத்திலேயே 'பொருள்' என்று தலைப்புப் போடுகிற மனிதர். விளக்கத்தில் குறை வைப்பாரா? உதாரணம் இல்லாத விளக்கம் பொத்தான் இல்லாத சட்டை என்பது அவர் கொள்கை.

"கட்டடத்தை வாங்குறவர் சாயங்காலம் வர்றார். லிப்ட் இப்படிப் பேயாட்டம் அலைஞ்சா, வந்த வழியே போயிடுவார். பின்னாடியே நீங்களும் போகலாம்," என்றார் மேனேஜரம்மா.

விளக்கக்காரர் ஏஜென்டிடம் கேட்டார். திரையில் பதில் வந்தது: "ஒன்பதாவது மாடியில் ஒரு அம்மா காத்திருக்கிறார்."

அவர் ஒன்பதாவது மாடிச் சாவி பையில் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. லிப்ட் கருவியின் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'அவசியம் உள்ளவருக்கு மட்டும் அனுப்பவும். உதாரணம்: மூட்டு வலியால் படியிறங்க முடியாதவர்.'

லிப்ட் விருட்டென்று ஒன்பதுக்குக் கிளம்பியது.

"அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. படியிறங்க முடியாது," என்றது ஏஜென்ட்.

விளக்கக்காரர் எலக்ட்ரீஷியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, படியேறியே மேலே போனார். பூட்டைத் திறந்தால், தரை முழுக்கத் தூசி. லிப்டுக்கு எதிரே மட்டும் இரண்டு பாதம் அளவுக்குத் தரை பளிச்சென்று இருந்தது.

"எலி ஓடியிருக்கும் சார்."

"எலி ஒரே இடத்துல நின்னு லிப்டுக்குக் காத்திருக்குமாய்யா?"

எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே ஏழாவது மாடிக்கு இறங்கியிருந்தார்.

விளக்கக்காரர் திரும்பி வந்து விளக்கத்தை இன்னும் தெளிவாக்கினார். 'ஆளை அடையாளம் பார்த்தபின் அனுப்பவும். உதாரணம்: கையில் பச்சைப் பை. அவசரமில்லாதவரைப் பொறுத்திருக்கச் சொல்லவும்.'

உடனே ஒலிபெருக்கி கனிவாகப் பேசியது.

"ஒன்பதாவது மாடியில் பச்சைப் பையோடு நிற்கும் அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோபம் புரிகிறது."

கணக்குப் பிரிவு மொத்தமும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டது. கோபம் என்று அவர் எங்குமே எழுதவில்லை. அதை நினைக்க நேரமில்லாமல் வீட்டிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, குரல் நடுங்குது?"

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார்.

"மூட்டு வலி, பச்சைப் பையெல்லாம் யாரு எழுதுனது?"

"நான்தான்."

"ஒன்பதாவது மாடி அம்மா?"

முதல் நாள் எழுதிய விளக்கத்தைப் புரட்டினார். 'உதாரணம்: ஒன்பதாவது மாடியில் ஒரு அம்மா காத்திருக்கிறார்.'

"அதுவும் நான்தான்," என்றார் ஈனஸ்வரத்தில்.

"உதாரணத்துக்கு ஒரு பைக் வாங்கலாம்னு என் தம்பிகிட்ட சொன்னீங்க. மறுநாளே பைக்கோட வாசல்ல வந்து நின்னான்ல? அதே கதைதான். உங்க ஏஜென்ட் எல்லாத்தையும் நிசம்னு நம்பியிருக்கு. போயி அழிங்க முதல்ல."

அழித்தார். அம்மா, மூட்டு வலி, பச்சைப் பை எல்லாம் போயின. கடைசியில் ஒரே வரி எழுதினார்: 'ஒன்பதாவது மாடிக்கு லிப்டை அனுப்பக் கூடாது.'

"ஒன்பதாவது மாடியில் யாரும் இல்லை," என்றது ஏஜென்ட்.

சாயங்காலம் வாங்குபவர் வந்தார். லிப்ட் அவரை எட்டு மாடி வரை பூப்போலத் தூக்கிப்போய் இறக்கியது. அவர் கையெழுத்துப் போட்டார். மேனேஜரம்மா முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தார்.

"பிழைச்சீங்க. நாளைக்கும் வேலைக்கு வாங்க."

விளக்கக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு உதாரணத்துக்கா நாள் முழுக்க இப்படி நடுங்கினோம் என்று தனக்குத்தானே சிரித்தும் கொண்டார்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. கீழே வரவேற்பறைப் பெண்.

"சார், ஒரு அம்மா பச்சைப் பையோட படியிறங்கியே வந்து, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, லிப்டை நிறுத்துன ஆளைப் பார்க்கணுமாம், மேல அனுப்பட்டுமா?"