பிள்ளையார் சுழி போட்ட கம்ப்யூட்டர்

எல்லாவற்றுக்கும் தேதி, நேரம் குறித்து வைக்கிறவன் தன் அவமானத்துக்கும் குறித்துத்தான் ஆக வேண்டும். என் நோட்டின்படி அது ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரப் புதன்கிழமை, காலை பத்தே கால்.

ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்தபடியே, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்காதவர்களும் நிரல் எழுதத் தமிழில் ஒரு மொழி செய்திருந்தேன். இத்தகைய மொழிகளில் குறிப்பு வரி என்று ஒன்று உண்டு: மனிதர் படிக்க எழுதுவது, கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்கு மற்றவர்கள் வைத்திருக்கும் சாய்கோடும் நட்சத்திரமும் புதியவர்களை மிரட்டும் என்பது என் கட்சி. கையேடுகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுக் கண்டுபிடித்தேன்: பிள்ளையார் சுழி! வரியின் தொடக்கத்தில் தனியாக ஓர் 'உ' இருந்தால் அது குறிப்பு. யாருக்கும் விளக்கவே வேண்டாம். (மனைவியையும் மச்சினனையும் வைத்துச் சோதித்தேன். இருவரும் தேறினார்கள். உலகமே தேறியதாக எழுதிக்கொண்டேன்.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜானகி டீச்சர் நடத்தும் இலவச வகுப்பில் அரங்கேற்றம். அவர் தலையசைத்தால் காலாண்டு விடுமுறை வகுப்பு முழுக்க என் மொழி. இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு பரணில்.

"நோட்டுல எப்படி ஆரம்பிப்பீங்களோ, அப்படியே ஆரம்பிங்க" என்றேன் கம்பீரமாக.

டீச்சர் முதல் வரியில் 'ஸ்ரீ' என்று அடித்தார். கீழே ஒரு கூட்டல். திரையில் சிவப்பு எழுத்து: "ஸ்ரீ: தெரியாத சொல். நீக்கவும்."

ஆண்டாள் ஊரில்!

"என்ன சார் இது? எங்க ஊருப் பேருல மொத எழுத்தே அதுதான். அத நீக்கச் சொல்லுதே!"

பின்வரிசையிலிருந்து ஜவுளிக்கடை காதர் பாய் எழுந்தார். "நாலும் மூணும் எம்புட்டுன்னுதான் கேட்டேன். 786ன்னு சொல்லிட்டு, பொறவுதான் ஏழுங்குது." (கடை பில்லில் போடுவதுபோல உச்சியில் 786 போட்டிருந்தார். தனியாக எண்ணைக் கண்டால் விடை என்று நினைத்து அச்சிடுவது என் மொழியின் சாமர்த்தியம்.)

"பிள்ளையார் சுழி போட்டா சரியாயிரும்" என்றேன்.

"எங்க வீட்ல அது போடுறதில்லையே" என்றார் டீச்சர்.

"எங்க வீட்லயுந்தான்" என்றார் பாய். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"புதுசா வாரவங்களக் குழப்பாதுன்னீயளே சார், வாரது யாருன்னு பாத்தீயளா?" என்றார் டீச்சர்.

பார்க்கவில்லை. காலாண்டு வகுப்பு வேறு மொழியில் நடந்தது. நான் 'உ'வை எடுத்துவிட்டு, 'குறிப்பு' என்ற சொல்லையே வைத்தேன். அரையாண்டு விடுமுறைக்கு டீச்சர் கூப்பிட்டுவிட்டார்.

சுழி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. "என் அபிப்பிராயம் என்னன்னா..." என்று நான் தொடங்கினால், மனைவி விரலால் காற்றில் ஓர் 'உ' போடுகிறாள். அதற்கப்புறம் நான் சொல்வது எதையும் யாரும் செய்வதில்லை. அந்த ஒரு இடத்தில் என் மொழி இன்றுவரை பிழையில்லாமல் ஓடுகிறது.