கடைசிப் பாட்டின் ஓரத்தில் குங்குமம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய தம்பி சிவராஜுக்கு,

அண்ணி ஜோதியம்மாள் எழுதுவது. இங்கே நானும், மகனும், மருமகள் சுசித்ராவும், புதிதாக வாங்கிய சிடி டிரைவும் நலம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு திருத்தம். நான் சுசித்ராவின் லேப்டாப்பைத் தொட்டியில் போட்டுக் கழுவியதாக உங்கள் மனைவி முனிலட்சுமி கெலமங்கலம் சந்தையில் சொல்லி வருகிறாளாம். தவறு. கழுவியது சிடியை.

எந்த சிடி என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனும் தம்பியுமாக நீங்கள் வேலை பார்த்த கம்பெனியின் ஆயுத பூஜைப் பாட்டுக் கச்சேரியில் பதிவு செய்தது. கடைசிப் பாட்டு உங்கள் அண்ணனுடையது. அன்று வீட்டுக்கு வந்தவர், "பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கிச்சு, ஜோதி" என்றார். நானும் பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள், ஆனால் உங்களை யாரும் பாட அழைத்திருக்க மாட்டார்கள். உங்கள் குரல் பற்றி என் கருத்து மாறவில்லை. அவர் குரல் என்று எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாட்டுதான். பிளேயர் போய்விட்டது, ரிப்பேர் செய்ய ஆளில்லை, அதனால் சுசித்ராவிடம் எம்பி3யாக மாற்றச் சொன்னேன்.

சிடியைப் போட்டதுமே கம்ப்யூட்டர் எங்கோ விசாரித்து, அதன் பெயர் கன்னடக் குழந்தைப் பாடல்கள் என்று எழுதிவிட்டது. "பாட்டோட நீளத்த வச்சுத் தேடிப் பேர் போட்டிருக்குது அத்தே, மாத்திக்கலாம்" என்றாள் சுசித்ரா. மாற்றினோம். எல்லாப் பாட்டும் ஏறின. கடைசிப் பாட்டில் மட்டும் கடகடவென்று சத்தம், அப்புறம் பிழைச் செய்தி. எடுத்துத் திருப்பிப் பார்த்தவள், "அத்தே! இதென்ன சிடியா, கிரைண்டரா? பொட்டு வச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் வைப்பதுதானே? மேல் பக்கத்தில் வைத்தால் அவர் பெயர் அழியும். அதனால் பளபளப்பான பக்கத்தில், அடக்கமாக, ஓரத்தில், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் வைத்தேன். கடைசிப் பாட்டு அந்த ஓரத்தில்தான் இருக்குமாம். பழைய பிளேயரும் பாட்டு முடிகிற இடத்தில் திக்கி நின்றது இதனால்தான். சோப்பு நீரில் நனைத்து, வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து வெளியே துடைத்தேன்.

தம்பி, அதன் பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவேன்! கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ஒரே வரியை இரண்டு முறை ஒப்பிக்கச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் உட்காரலாம். இந்தப் பெட்டியும் அப்படியே. சந்தேகம் வந்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கிறது, கோபமே இல்லை. எம்பி3 ஆக்கும்போது மனிதக் காது கவனிக்காத சத்தங்களை விட்டுவிட்டுத்தான் பாட்டைச் சிறிதாக்குமாம். என் காது எதைக் கவனிக்கும் என்று இதற்கு யார் சொன்னது? "இருக்கிறதுலயே பெரிய சைஸா வை. பின்னாடி ஓடுற கம்பெனி கம்ப்ரசர் சத்தங்கூட எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டேன். பாட்டு வந்துவிட்டது. கண்ணை மூடினால் உங்கள் அண்ணன் எதிரே நின்று பாடுகிறார். அந்தக் குழைவு உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. இதை எழுதும்போதும் மிச்சமிருக்கும் ஓரத்தைப் பெட்டி படித்துக்கொண்டிருக்கிறது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். முனிலட்சுமிக்கு என் விசாரிப்பு, மேற்படி திருத்தத்தோடு.

இப்படிக்கு,
ஜோதியம்மாள் தீர்த்தகிரி

பின்குறிப்பு: பெட்டி படித்து முடித்துவிட்டது. பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கியதும், மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் பேசுகிறார்: "சபாஷ்டா சிவராஜு! என் தொண்டை போன நேரத்துல காப்பாத்துன. ஆனா உங்க அண்ணிகிட்ட நான்தான் பாடுனேன்னு சொல்லப் போறேன். நீ வாயத் தொறந்த, அவ்ளோதான்!" கூடவே இருமல். அது அவர் குரல்தான், சந்தேகமே இல்லை. சுசித்ரா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். நான் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறேன். உங்கள் குரலைப் பற்றி மேலே எழுதியதை அடிக்கவில்லை. அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று பாடியது யார்? போனில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.